பர்ஸோ ரெஸ்ட் எடுத்துக்கலாம்

ஏ.எஸ்.ராவ் நகர்,
புதன்கிழமை, பகல்.

மகா கனம் பொருந்திய பட்டு அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி ஆத்துக்காரி அநேக கோடி நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஹம்ஸினியும் சௌக்கியம், என் இடது தோள், இரண்டு தொடைகள், வலது கெண்டைக்கால் நீங்கலாக. அவ்விடத்தில் நீங்களும் அத்திம்பேரும், நீங்கள் வேலை பார்க்கும் மாயவரம் தபால் ஆபீஸும் அதன் சகல சிப்பந்திகளும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நமஸ்காரத்தை விழுந்து பண்ண இப்போதைக்கு இயலாது. விழுவது சுலபம், எழுப்பிவிடத்தான் ஆள் இல்லை. ஆகவே எழுத்தில் பண்ணியதையே விழுந்து பண்ணினதாகக் கொள்ளவும்.

உங்கள் ஸ்பீட் போஸ்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கணும். போனில் சொன்னால் சொல்லவே இல்லை என்று பிறகு மாற்றிப் பேசலாம், தபாலில் அது நடக்காது என்பது உங்கள் கொள்கை என்று தெரியும். ஆனால் அந்தத் தபாலை வாங்கவே நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அன்று காலை எங்களுக்கு டம்பெல் நாள். தபால்காரர் செல்போனை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். என் விரல் ஆடிய ஆட்டத்தில் கையெழுத்து இ.சி.ஜி. மாதிரி விழுந்தது. அவர் பயந்துபோய், “ஏமைந்தி மேடம்? அந்தா பாகுன்னாரா?” என்று, அதாவது என்ன ஆச்சு, எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, ஏதோ கெட்ட சேதி வந்திருக்கிறது என்ற முடிவுடன், நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். மொத்தம் பத்து நிமிஷம். எங்கள் உடற்பயிற்சி கிளாஸுக்கு வெளியே, பெரியவர்கள் யாரும் அந்த வாரம் என்னோடு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. கெட்ட சேதி இல்லை, நாத்தனார்தான் என்றேன். “அய்யோ” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே சொன்னது.

நீங்கள் முடிவாக எழுதியிருந்தது இது: “கனகம் எல்லாம் சொன்னாள். அந்த கிளாஸை இன்றைக்கே நிறுத்து. நிறுத்திவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. இல்லையென்றால் நான் விசுவுக்கு எழுதவேண்டி வரும்.” அக்கா, நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. ஒரு வரி எழுதத் தெரியாதவள் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். (உட்கார்ந்து எழுந்திருப்பதும் சாதாரணமாக நடக்கவில்லை, அதைக் கீழே விவரிக்கிறேன்.) அப்புறம், விசுவுக்கு எழுதுவேன் என்கிறீர்களே, எந்த விலாசத்துக்கு என்று தெரிந்தால் எனக்கும் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் தம்பி ஏதோ ஒரு கடலோரத்தில் ஏதோ ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊர், எதைச் சோதிக்கிறார், எத்தனை நாள் என்கிற மூன்றும் ரகசியம். இரண்டு வாரம் என்று போனவர், நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு நிமிஷம் போன் வரும். அதில் நாலு நிமிஷம் ஹம்ஸினி தெலுங்கில் பேசுவாள், ஒரு நிமிஷம் சிக்னல் இருக்காது, பாக்கி இரண்டு நிமிஷத்தில் “சாப்ட்டியா?” “சாப்ட்டேன். நீங்க?” “சாப்ட்டேன்.” எங்கள் தாம்பத்தியத்தின் இன்றைய நிலவரம் இவ்வளவே. சாப்பாடு இரண்டு பேருக்கும் குறைவில்லை.

இனி எதிர் ஃப்ளாட் கனகம் மாமி உங்களுக்கு அனுப்பிய குற்றப்பத்திரிகைக்கு வருகிறேன். விடிவதற்குள் பேன்ட் போட்டுக்கொண்டு வெளியே போகிறாள் என்பது உண்மை, புடவையில் தண்டால் எடுக்க வராது. குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போகிறாள் என்பது பொய். ஹம்ஸினி என்னோடு வந்து, மூலையில் ஒரு பாயில் போர்வையோடு உட்கார்ந்து, நான் உட்கார்ந்து எழுவதை எண்ணுகிறாள். தெலுங்கில் எண்ணுகிறாள். ஒகட்டி, ரெண்டு, மூடு. நீங்கள் அன்றைக்குப் போனில் “பாட்டு சொல்லுடி கண்ணு” என்றபோது அவள் “மூடு” என்றாளே, அது உங்கள் வாயைச் சொன்னது இல்லை அக்கா, அது வெறும் மூணு. காலையில் எண்ணியதை உங்களிடம் ஒப்பித்திருக்கிறாள். ஒகட்டியும் ரெண்டும் சிக்னல் இல்லாமல் போய்விட்டது. குழந்தையை மரியாதை இல்லாமல் வளர்க்கிறேன் என்று நீங்கள் நாலு பக்கம் எழுதியதில் ஒன்றரைப் பக்கத்தைத் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளவும். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறாள் என்பதும் உண்மையே. தொடை அப்படி வலிக்கும்போது முன்பக்கமாக இறங்க முடியாது, முயன்று பாருங்கள். ஏணியில் இறங்குகிற மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினால் கொஞ்சம் தேவலை. மாமி கதவிடுக்கில் பார்த்துவிட்டு, “ஏன்டிம்மா, மேல ஏறறயா கீழ இறங்கறயா?” என்றார். எனக்கே தெரியவில்லை மாமி என்றேன். ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டில் முனகல் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாரே, அது நான் சோபாவில் உட்காருகிற சத்தம். வேறு எதுவும் இல்லை. வேறு யாரும் இல்லை.

இந்த கிளாஸில் நான் சேர்ந்ததே ஒரு கேஸ் சிலிண்டரால். டெலிவரி ஆள் லிஃப்ட் ஓடவில்லை என்று கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வாட்ச்மேனைத் தேடினேன், காணோம். மூன்று வீட்டு பெல் அடித்தேன். இரண்டு பூட்டு, ஒன்று மீட்டிங்கில் இருந்தது. சிலிண்டருக்குப் பக்கத்திலேயே படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள், நான் யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எதற்கும் யாரையும் கூப்பிட வேண்டாத அளவுக்கு உடம்பில் பலம் ஏற்றிக்கொள்வது என்று. ஏறிவிட்டது அக்கா. போன மாதம் சிலிண்டரை நானே முதல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதன் பலன் என்னவென்றால், எப்போதாவது வந்து “மேடம், ஏமன்னா பனி உந்தா” என்று, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனும் இப்போது வருவதில்லை. என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார்.

கிளாஸ் நடத்துகிற முரளி சாருக்கு அறுபது வயது. ரயில்வேக்கு ஹாக்கி ஆடினவர். அவர் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்து பேண்டில் குழல் ஊத சிகந்திராபாத்துக்கு வந்தாராம், அப்புறம் யாரும் திரும்பிப் போகவில்லை. அவர் பேசுவது தமிழ்தான், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை ஊர் வார்த்தை. “கைக்கு உட்காந்தீங்க? நக்கோ, நக்கோ, எழுந்திருங்க, இன்னும் பத்து” என்பார். கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம் என்று எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு, ஞாயிறு உட்பட. ஒரு நாள் டம்பெல், ஒரு நாள் கயிறு, ஒரு நாள் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டம். சேர்ந்த அன்றைக்கே கேட்டேன், “சார், ரெஸ்ட் எப்போ?” என்று. அவர் சொன்னார், “பர்ஸோ எடுத்துக்கலாம்மா.”

இங்கேதான் உங்கள் குடும்பம் என்னைக் கவிழ்த்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, “பொண்ணு ஹிந்திப் பரீட்சை ராஷ்டிரபாஷா வரைக்கும் பாஸ் பண்ணியிருக்கா, ஐதராபாத்ல கவலையே இல்லை” என்று எல்லோரிடமும் சொன்னது நீங்கள்தானே? நானும் அதை நம்பிவிட்டேன். பாஸ் பண்ணியது உண்மை, எழுபத்தெட்டு மார்க். புத்தகத்தில் பர்ஸோ என்றால் நாளை மறுநாள், அல்லது முந்தாநாள். மூன்றாவது அர்த்தம் கிடையாது. எனவே மறுநாள் போனேன். நாளை மறுநாள் ரெஸ்ட் தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளப் போனேன். “பர்ஸோ எடுத்துக்கலாம்மா” என்றார். சரி, இன்னும் இரண்டு நாள் என்று போனேன். மறுபடி கேட்டேன். மறுபடி பர்ஸோ. புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் உரம் ஏற்றுகிறார் போலிருக்கிறது, கேள்வி கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார் என்று நானும் போய்க்கொண்டே இருந்தேன். இப்படியாக, ரெஸ்ட் எப்போதும் இரண்டு நாள் தள்ளியே நிற்க, நாற்பத்தேழு நாள்.

நாற்பத்தேழாவது நாள் ஹம்ஸினி ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். எல்.கே.ஜி. வகுப்பில் நமக்கும் அதே நாற்காலிதான், தரையிலிருந்து ஒரு முழ உயரம், வாத்து படம் போட்டது. உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பேசினார், ஹம்ஸினி வகுப்பில் எல்லோருக்கும் தண்டால் கற்றுக்கொடுக்கிறாள் என்று புகார் சொன்னார், கூட்டம் முடிந்தது, எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழ முயன்றேன். தொடை வரவில்லை. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “மேடம், மீட்டிங் அய்போயிந்தண்டி,” முடிந்துவிட்டது என்றார் டீச்சர். தெரியும் என்றேன். தண்டால் புகாருக்கு எதிர்ப்புத் தெரிவித்து நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து, அவர் போய் பிரின்ஸிபாலை அழைத்துவந்தார். பிரின்ஸிபால் மெதுவாக ஆங்கிலத்தில், உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம் என்று ஆரம்பித்தார். அப்போது ஹம்ஸினி எல்லோருக்கும் கேட்கும்படி, “டீச்சர், மா அம்மா லேவட்லேது,” எங்கம்மா எழுந்திருக்க மாட்டேங்கறா என்று சொல்லிவிட்டு, என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முரளி சார் குரலிலேயே “நக்கோ! எழுந்துரு!” என்றாள். அக்கா, இரண்டு வருஷத்தில் என் பெண் என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. அதிலும் பாதிதான் தமிழ். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் என்று நினைத்து டீச்சரும் பிரின்ஸிபாலும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நாற்காலியும் கூடவே வந்தது.

மறுநாள் காலை நஸ்ரினிடம் சொல்லிச் சிரித்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. நஸ்ரின் என்பவள் எங்கள் பேட்சில் எனக்குப் பக்கத்துப் பாய், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக்கூடத்தில் வேலை, ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வருவாள். கொஞ்ச நாள் முன்னால் அவள் தன் கடிகாரத்தைக் காட்டி, “பர்ஸோ மேரி ஷாதி ஹுயி நா, உஸ்மே ஆயா ஸோ” என்றிருந்தாள். பர்ஸோ நடந்த தன் கல்யாணத்தில் வந்ததாம். முந்தாநாள் கல்யாணமாகி இன்றைக்கு மணல் மூட்டை தூக்க வந்திருக்கிறாளே என்று மனசு கேட்காமல், நான் அவளுக்கு ஒரு ஜோடி தலையணை உறை, “புதுமணத் தம்பதிக்கு” என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்துக்கு மறுநாள்தான் அவள் தன் மகனோடு வந்திருந்தாள். அவனுக்குப் பத்து வயது. “அரே, பர்ஸோ போலே தோ பர்ஸோ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஊரில் பர்ஸோ என்றால் இரண்டு நாள் இல்லையாம், என்றைக்கோ ஒரு நாளாம். போன வாரமும் பர்ஸோ, பதினோரு வருஷம் முந்தியும் பர்ஸோ, இனிமேல் வரப்போகிற எந்த நாளும் பர்ஸோ. முரளி சார் சொன்னதும் அதுதான், உனக்கு எப்போ தோணறதோ அப்போ எடுத்துக்கோ என்று.

விஷயம் தெரிந்ததும் முரளி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாப்பத்தேழு நாளா? யா அல்லா! ஏம்மா, இங்கே நாம உடைக்கிறோம், அவ்ளோதான். வளர்றது எல்லாம் ரெஸ்ட்ல. நீங்க உடைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க, ஒட்டவே விடல.” புதனும் ஞாயிறும் கண்டிப்பாக ரெஸ்ட் என்று தீர்ப்பு ஆயிற்று. வீட்டில் படுத்திருக்கலாமா என்றேன். “நக்கோ. படுத்தா அப்டியே இறுகிடும். ஆக்டிவ் ரெஸ்ட் எடுக்கணும். லேசா நடங்க, யாரோடயாவது பேசிக்கிட்டே நடங்க, சிரிங்க.” “யாரோட சார்?” என்று கேட்டேன். “யாரோடயாவதுமா” என்றார். ஆக்டிவ் ரெஸ்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், ஓயாத ஓய்வு என்று வருகிறது. உங்கள் தம்பி லீவில் வீட்டுக்கு வருகிற பத்து நாளும் எனக்கு அதுதான்.

போன புதன் என் முதல் ரெஸ்ட். ஹம்ஸினியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, லேசாக நடந்தேன். பஸ் ஸ்டாப் வந்தது. இன்னும் லேசாக நடந்தால் திரும்பி வீட்டுக்குத்தான் போகவேண்டும். அதனால் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மாறி ஏறி, போவன்பள்ளி மார்க்கெட் வரை போனேன். அங்கே ஜனம் இருக்கும், பேச்சு இருக்கும். இருந்தது. ஒரு கிலோ தக்காளி கேட்டேன். அந்த அம்மாள், இது மொத்த வியாபாரம், கிரேட், அதாவது பெட்டிக் கணக்கு, ஒரு கிலோவெல்லாம் உங்க வீட்டு வாசல்ல கேளு என்கிற அர்த்தத்தில் தெலுங்கில் கால் மணி நேரம் என்னைத் திட்டினார். திட்டினாலும் என் கண்ணைப் பார்த்துத் திட்டினார். அந்த மரியாதைக்காக ஒரு கிரேட் வாங்கிவிட்டேன். இருபத்தைந்து கிலோ. இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் முரளி சாரிடம் சொல்லவில்லை. அத்தனை தக்காளியை என்ன செய்வது? பதினாலு ஃப்ளாட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம், அதுதானே ஆக்டிவ் ரெஸ்ட் என்று. எல்லோரும் நல்லவர்கள். கதவு தக்காளி நுழைகிற அளவுக்குத் திறந்தது. தாங்க்யூ ஹம்ஸினி மம்மி. தாங்க்யூ ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஆன்ட்டி. கனகம் மாமி மட்டும், “என்னடி விசேஷம்?” என்று கேட்டார். ரெஸ்ட் மாமி என்றேன். அதை அவர் உங்களுக்கு எப்படி எழுதியிருப்பார் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது.

ஆகவே அக்கா, நடந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது. உடம்பு கெட்டது கிளாஸால் இல்லை, என் எழுபத்தெட்டு மார்க் ஹிந்தியால். இப்போது தப்பு தெரிந்துவிட்டது, ரெஸ்ட் நாள் குறித்தாகிவிட்டது, இனி பின்பக்கமாக இறங்கமாட்டேன். எனவே நிறுத்திவிட்டேன் என்ற அந்த ஒரு வரியை எழுதவேண்டிய அவசியம் இல்லை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஹம்ஸினி உங்களுக்குத் தண்டால் போட்டுக் காட்டுவதாகச் சொல்லச் சொன்னாள். அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். அவர் முதுகுவலிக்கு லேசாக நடப்பது நல்லது. தபால் ஆபீஸில் எல்லோருக்கும் ஆசியோ நமஸ்காரமோ, வயசுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
ஹம்ஸினியின் அம்மா.

பி.கு.: உறையை ஒட்டப் போனவள் திரும்பவும் பிரித்துவிட்டேன். நஸ்ரினுக்குத் தலையணை உறை கொடுத்த கதை நிஜம், நாள்தான் பொய். அவள் மகனோடு வந்து சிரித்தது கூட்டத்துக்குப் பிறகு இல்லை, ஒன்பதாவது நாளே. பர்ஸோவுக்கு அர்த்தம் அன்றைக்கே எனக்குத் தெரியும். பத்தாவது நாளிலிருந்து நான் கேட்கவே இல்லை. முரளி சார்தான் தினமும் கேட்டார், “ரெஸ்ட் எப்போமா எடுக்கப் போறீங்க?” என்று. நான்தான் “பர்ஸோ சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது நாற்பத்தேழு நாள் ஆனதை அவர் எண்ணவில்லை. ஏனென்றால் அக்கா, என் பெயர் நாலு எழுத்துக்கு மேல் நீளம், இந்த ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. உங்கள் தம்பிகூட “இதோ பாரு” என்றுதான் கூப்பிடுவார். முரளி சார் மட்டும் என் முறை வரும்போது ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணமாட்டார். “ப்ரி, யம், வ, தா!” என்பார். ப்ரி-யில் இறங்கணும், தா-வில் எழணும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு நான் யார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்றைக்குப் புதன். கிளாஸுக்குப் போகவில்லை. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுகிறேன், அந்த ஒரு வரியையும் எழுதி அனுப்பிவிடுகிறேன். ஆனால் அதற்கப்புறம் தினமும் காலை ஆறு மணிக்கு நீங்கள் எனக்குப் போன் பண்ணி, என் பெயரை முழுசாகச் சொல்லவேண்டும். பத்து தடவை, மூன்று செட். நடுவில் நீங்கள் முப்பது விநாடி ரெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம்.